கோவிட் லோனுக்கு அரசு கொடுத்த உத்தரவாதம் யாருக்கு?

கேள்வி: கோவை ஆவாரம்பாளையத்தில் 19 வருடமாக லேத் பட்டறை நடத்துகிறேன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். கொரோனா வந்தபோது வங்கியில் சிசி (நடைமுறைச் செலவுக்கான கேஷ் கிரெடிட்) 18 லட்சம், சிஎன்சி மெஷின் லோன் 22 லட்சம் நிலுவை. 2020 ஜூலையில் வங்கியே கூப்பிட்டு 8 லட்சம் கோவிட் லோன் கொடுத்தது. "கவர்ன்மென்ட் கேரண்டி, புதிதாக செக்யூரிட்டி எதுவும் வேண்டாம்" என்றார்கள். ஒரு வருடம் வட்டியும் அதற்கப்புறம் 17 தவணையும் கட்டினேன். 2023 தொடக்கத்திலிருந்து முடியவில்லை. அந்த ஜனவரியிலேயே தவணையைக் குறைக்கச் சொல்லிக் கிளையில் கடிதம் கொடுத்தேன், பதில் இல்லை. பிறகு மூன்று கணக்கையும் என்பிஏ (வாராக்கடன்) ஆக்கிவிட்டார்கள். இப்போது வட்டியோடு 38 லட்சம் கேட்டு, அப்பா பெயரில் உள்ள வீட்டின் மேல் சர்ஃபேசி நோட்டீஸ் (அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் சட்டத்தின் கீழ்) வந்து 20 நாள் ஆகிறது. கோவிட் லோன் பணத்தை வங்கி அரசாங்கத்திடம் வாங்கிவிட்டது என்று அங்கே வேலை செய்பவரே சொல்கிறார். அப்படியானால் என்னிடம் ஏன் கேட்கிறார்கள்? நியூஜெர்சியில் இருக்கும் என் மச்சானுக்குக் கொரோனா கடன் முழுவதும் தள்ளுபடி ஆகிவிட்டதாம். இங்கே வருமா? வீட்டை மனைவி பெயருக்கு மாற்றினால் தப்பிக்குமா? இரண்டு கம்பெனிகளிடமிருந்து எனக்கு 6 லட்சத்துக்கு மேல் பில் பணம் வரவேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு 78 வயது. நோட்டீஸ் வந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. வீடு அவர் பெயரில் இருக்கிறது, அவர்தான் ஜாமீன்தாரர். சட்டப்படி நோட்டீஸ் அவருக்கும்தான் அனுப்பப்பட்டிருக்கும். அதற்கு நாம் எழுதப் போகும் பதிலில் அவர் கையெழுத்தும் வேண்டும். தெருக் கதவில் வங்கி ஒட்டும் அறிவிப்பைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது மேல். 78 வயதுக்காரர் இதைத் தாங்கமாட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். தன் வீட்டைப் பற்றித் தன்னிடம் மறைத்தார்கள் என்பதைத்தான் பெரியவர்கள் தாங்கமாட்டார்கள். இப்படிப்பட்ட பல குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

"கவர்ன்மென்ட் கேரண்டி" என்று உங்களிடம் சொன்னார்கள் அல்லவா, அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். 2020 ஜூன், ஜூலை மாதங்களில் கொங்குப் பகுதியில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். காலையில் தகுதியுள்ள வாடிக்கையாளர்களின் பட்டியல் வரும், சாயங்காலம் எத்தனை பேருக்கு ஒப்புதல் ஆனது என்று மேலிடத்திலிருந்து கேட்பார்கள். பட்டறைக்காரர்களும் தறிக்காரர்களும் பயந்துபோயிருந்த நேரம் அது. ஊரடங்கு எப்போது முழுதாக முடியும் என்று யாருக்கும் தெரியாது. ஆர்டரே இல்லாதபோது மேலும் கடன் எதற்கு என்று தயங்கியவர்களிடம், "பயப்படாதீங்க, இது கவர்ன்மென்ட் கேரண்டி லோன்" என்றோம். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் யாருக்குக் கேரண்டி என்பதை நாங்கள் சொல்லவில்லை. கேட்டவர்கள் தங்களுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது அந்த நினைவுதான்.

அந்த உத்தரவாதம் வங்கிக்குக் கொடுத்தது. உங்களுக்குக் கொடுத்தது அல்ல.

2020 மே 12 அன்று பிரதமர் 20 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பு என்று அறிவித்தார். மறுநாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விவரித்த முதல் பகுதியில் பெரியது, சிறு தொழில்களுக்கான இந்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன். அரசு தன் கஜானாவிலிருந்து 3 லட்சம் கோடியை எடுத்துக் கொடுக்கவில்லை. பணம் வங்கிகளுடையது, அதாவது வைப்பு வைத்தவர்களுடையது. அன்றைக்கு வங்கிகளிடம் பணம் இருந்தது, கொடுக்கத்தான் தைரியம் இல்லை. இரண்டு மாதம் மூடிக் கிடந்த பட்டறைக்கு எந்த மேலாளர் துணிந்து கையெழுத்துப் போடுவார்? அந்தப் பயத்தைப் போக்க, கடன் திரும்பாவிட்டால் நூற்றுக்கு நூறு நாங்கள் தருகிறோம் என்று மத்திய அரசின் நிறுவனமான என்.சி.ஜி.டி.சி. மூலம் வங்கிகளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். மே 23-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

விதிகள் எளிமையாக இருந்தன. 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு இருந்த நிலுவையில் 20 சதவீதம் வரை. உங்கள் 18-ம் 22-ம் சேர்ந்து 40 லட்சம், அதில் 20 சதவீதம் 8 லட்சம். அந்த எண் அப்படித்தான் வந்தது. வங்கி 9.25 சதவீதத்துக்கு மேல் வட்டி போடக்கூடாது. மொத்தம் நான்கு வருடம், முதல் 12 மாதம் வட்டி மட்டும், அசல் அடுத்த 36 மாதங்களில். பரிசீலனைக் கட்டணம் கிடையாது. ஏறத்தாழ 9 சதவீதம் என்று வைத்தால் முதல் வருடம் மாதம் 6,000 ரூபாய்தான் கட்டியிருப்பீர்கள். 2021 ஆகஸ்டிலிருந்து அது 25,400 ரூபாய் பக்கம் போயிருக்கும். மெஷின் தவணையும் சிசி வட்டியும் அதே மாதத்தில் அதே பட்டறையிலிருந்துதான் வர வேண்டும்.

17 தவணை கட்டியபின் அசலில் நாலரை லட்சம் அளவுக்குத்தான் மிச்சம் இருந்திருக்கும். வாங்கிய 8 லட்சத்தில் மூன்றரை லட்சம் அசலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள், வட்டி தனி. இரண்டாம் அலை, இரும்பு விலை ஏற்றம், 2022 செப்டம்பர் மின்கட்டண உயர்வு எல்லாவற்றுக்கும் நடுவே கட்டியது அது. வங்கியில் யாராவது உங்களை ஏமாற்றுக்காரர்போல நடத்தினால் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பேசுங்கள்.

சரி, வங்கி அரசாங்கத்திடம் பணம் வாங்கிவிட்டது என்று அந்த ஊழியர் சொன்னது உண்மையாக இருக்கலாம். கணக்கு என்பிஏ ஆகி, வங்கி உங்களுக்குக் கேட்பு நோட்டீஸ் அனுப்பி, உத்தரவாதத் தொகையைக் கோரினால், முதல் கட்டமாக 75 சதவீதம் வங்கிக்கு வரும். மீதி 25 சதவீதம், வசூல் நடவடிக்கைகள் முடிந்தபின்தான். வசூல் நடவடிக்கையைக் கைவிட வங்கிக்கு அனுமதி இல்லை. பணம் வந்த பிறகும் அது உங்களிடம் கேட்டே ஆக வேண்டும், உங்களிடமிருந்து வருவதை அந்த நிறுவனத்துக்குத் திருப்ப வேண்டும். ஆகவே ஒரே பணத்தை வங்கி இரண்டு முறை விழுங்குவதாக நினைக்காதீர்கள். உங்கள் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. நீங்கள் கட்டுவது கடைசியில் யாருக்குப் போய்ச் சேரும் என்பதுதான் மாறியிருக்கிறது. "அரசு கொடுத்துவிட்டது, நான் தரவேண்டியதில்லை" என்று நோட்டீஸுக்குப் பதில் எழுதினால் அது நிற்காது. உங்கள் மற்ற நியாயமான வாதங்களையும் சேர்த்துக் கெடுக்கும்.

மச்சான் சொன்னது அமெரிக்காவின் பிபிபி கடனாக இருக்க வேண்டும். அது வடிவத்திலேயே வேறு. 2020 மார்ச் 27-இல் அங்கே வந்த கேர்ஸ் சட்டத்தின் கீழ், மாதச் சம்பளச் செலவைப்போல இரண்டரை மடங்கு கடன் கொடுத்தார்கள். வேலையாட்களை வைத்துக்கொண்டு, தொகையில் பெரும்பகுதியைச் சம்பளத்துக்கே செலவழித்தால் தள்ளுபடி என்று முதலிலேயே எழுதியிருந்தது. கடன் என்ற பெயரில் வந்த சம்பள மானியம் அது. பிரிட்டனின் பவுன்ஸ் பேக் கடன்தான் நம்முடையதற்கு நெருங்கிய உறவு: 50,000 பவுண்டு வரை, வங்கிக்கு நூறு சதவீத அரசு உத்தரவாதம், திருப்பிக் கட்டும் பொறுப்பு முழுவதும் கடன் வாங்கியவருக்கு. ஆனால் அங்கே கட்ட முடியாதவர்கள் ஆறு வருடக் கடனைப் பத்து வருடமாக நீட்டிக்கொள்ள வழி வைத்தார்கள், அதைக் கேட்டு வாங்குவதும் எளிது. நம் திட்டத்தில் எனக்கு உள்ள பெரிய குறை அதுதான். கொடுக்கும்போது எல்லாம் தானாக வந்தது. நீட்டிப்பு மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்கே கிடைத்தது.

ஏனென்றால் இங்கேயும் ஒரு நீட்டிப்பு இருந்தது. 2021 மே மாதம் ரிசர்வ் வங்கி மறுசீரமைப்புக்கு வழிவிட்டபோது, அதற்குத் தகுதியான சிறு தொழில்களின் கோவிட் லோனை ஐந்து வருடமாக்கலாம், முதல் 24 மாதம் வட்டி மட்டும் கட்டலாம் என்று திட்டத்தைத் திருத்தினார்கள். உங்களுக்கு அது கிடைத்திருந்தால் 25,400 ரூபாய்த் தவணை 2022 ஆகஸ்டில்தான் தொடங்கியிருக்கும். யாராவது உங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்களா? கடன் கொடுக்கத் தேடித் தேடிப் போன் செய்த எங்கள் கிளையிலேயே, இந்தத் திருத்தத்தைச் சொல்ல அப்படிப் போன் செய்யவில்லை. அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது. ஆனாலும் உங்கள் பதில் கடிதத்தில் அதற்கு ஒரு வரி இடம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தள்ளுபடி வருமா என்றால், இந்தக் கடனுக்கு அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. வரும் என்று காத்திருந்து நாள்களை விட்டுவிடாதீர்கள். 2023 மார்ச்சில் திட்டம் முடிந்தபோது ஏறத்தாழ 1.19 கோடிப் பேருக்கு 3.68 லட்சம் கோடி ரூபாய் அளவுக்கு உத்தரவாதம் போயிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிரமப்பட்டாவது கட்டினார்கள். அந்தப் பணம் இல்லாவிட்டால் எத்தனையோ பட்டறைகள் 2020-லேயே மூடியிருக்கும், உங்களுடையதும் சேர்த்துத்தான். திட்டம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

"செக்யூரிட்டி வேண்டாம் என்றார்களே, வீடு எப்படி வந்தது?" என்று அடுத்துக் கேட்பீர்கள். புதிதாக எதுவும் வேண்டாம் என்பதுதான் விதி. பழைய கடனுக்கு ஏற்கெனவே அடமானத்தில் இருந்த சொத்தின் மேல் இந்தக் கடனுக்கு இரண்டாவது உரிமை எழுதப்பட்டது. பழைய நிலுவையும் புதியதும் சேர்ந்து 25 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. உங்களுடையது 48 லட்சம். சிசிக்காக அப்பா பத்திரத்தை வைத்து எம்ஓடி, அதாவது பத்திரத்தை ஒப்படைத்ததற்கான அடமான ஆவணம், பதிவு செய்து கொடுத்தபோதே வீடு உள்ளே வந்துவிட்டது.

இதைவிடப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. என்பிஏ என்பது கணக்கைப் பார்த்து வைப்பதில்லை, ஆளைப் பார்த்து வைப்பது. ஒரே வங்கியில் உங்களுக்கு மூன்று கணக்கு இருந்து, ஒன்றில் மட்டும் பாக்கி 90 நாளைத் தாண்டினாலும் மூன்றும் என்பிஏதான். இத்தனைக்கும் கோவிட் லோன்தான் உங்கள் மூன்றில் சின்னது. 2023-இல் உங்கள் பணம் எந்தக் கணக்கில் எவ்வளவு வரவு வைக்கப்பட்டது என்று ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்கள். மூன்றுக்கும் தனித்தனியாக, 2020 பிப்ரவரியிலிருந்து. இதை எழுத்தில் கேளுங்கள். சிசி கணக்கில் போட்ட பணம் வட்டிக்கே போய்க்கொண்டிருக்க, கோவிட் லோன் தவணை மட்டும் திரும்பிப்போன கேஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டை மனைவி பெயருக்கு மாற்றும் யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள். மூலப் பத்திரம் வங்கியில், எம்ஓடி வில்லங்கச் சான்றிதழில். யார் பெயருக்குப் போனாலும் அடமானமும் கூடவே போகும். அதோடு, நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ மாற்றவோ கூடாது என்று சர்ஃபேசி சட்டத்தின் 13-ஆம் பிரிவே தடுக்கிறது. மீறினால் தண்டனையும் உண்டு. இதுவரை நீங்கள் முடியாமல் நின்றுபோன கடன்காரர். அந்தப் பத்திரத்தை எழுதினால் வேண்டுமென்றே மறைத்தவர் ஆகிவிடுவீர்கள். பிறகு பேச்சுவார்த்தைக்கு எந்த மேலாளரும் நாற்காலி போடமாட்டார்.

இப்போது நோட்டீஸ். இது 13(2) நோட்டீஸ், 60 நாளுக்குள் பணத்தைக் கட்டச் சொல்வது. 60 நாளில் 20 போய்விட்டது, 40 இருக்கிறது. இந்தக் கட்டத்தில் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. உங்கள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கலாம், கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். 60 நாள் கழிந்து வங்கி சொத்தைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால்தான், அந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக உரிமை வரும். தீர்ப்பாயம் கோவையிலேயே இருக்கிறது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைக்கும்தான். ஏலத்தின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ஆட்கள் பழைய சட்டத்தைப் பேசுகிறார்கள்.

பெரும்பாலானோர் இந்த நோட்டீஸுக்குப் பதிலே எழுதுவதில்லை. பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதப் போகிறீர்கள், ஏனென்றால் உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: 2023 ஜனவரிக் கடிதம்.

மத்திய சிறு தொழில் அமைச்சகம் 2015 மே 29-இல் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. ரிசர்வ் வங்கியும் 2016 மார்ச்சில் வங்கிகளுக்கு அதை நடைமுறையாக்கியது. 25 கோடி வரை கடன் உள்ள சிறு தொழில் கணக்கில் நெருக்கடி தெரிந்தால், என்பிஏ ஆவதற்கு முன்பே வங்கி அதைக் கண்டறிந்து ஒரு குழு முன் வைக்க வேண்டும். சரிசெய்வதா, தவணையை மாற்றியமைப்பதா, வசூலிப்பதா என்று அந்தக் குழு முடிவு செய்ய வேண்டும். கடன் வாங்கியவரும் தாமாகவே விண்ணப்பிக்கலாம். பல கிளைகளில் இது காகிதத்தோடு நின்றது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ப்ரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னது: தொழில்காரரும் விழிப்பாக இருக்க வேண்டும். தான் சிறு தொழில் என்பதை ஆவணத்தோடு, என்பிஏ ஆவதற்கு முன்பே வங்கிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அப்போது சும்மா இருந்துவிட்டு, சர்ஃபேசி நடவடிக்கை முடியும் நேரத்தில் வந்து இதைச் சொல்ல முடியாது.

நீங்கள் சும்மா இருக்கவில்லை. 2023 ஜனவரியில், கணக்கு உயிரோடு இருந்தபோதே, தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதினீர்கள். அந்தக் கடிதத்தின் நகலில் கிளையின் சீல் இருக்கிறதா? அல்லது பதிவுத் தபால் ரசீது, இமெயில் ஏதாவது? உங்கள் உத்யம் சான்றிதழை, அதாவது சிறு தொழில் பதிவுச் சான்றிதழை, எப்போதாவது கிளையில் கொடுத்தீர்களா? கோவிட் லோன் ஆவணங்களோடு கொடுத்திருக்க வாய்ப்பு நிறைய. இந்த இரண்டும் கையில் இருந்தால் உங்கள் பதில் வெறும் வேண்டுகோளாக இருக்காது, வங்கியின் சட்டப் பிரிவு உட்கார்ந்து படிக்க வேண்டிய கடிதமாக இருக்கும்.

பதிலில் என்ன எழுதலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் வழக்கறிஞர் செம்மைப்படுத்தட்டும்:

"எங்களுடையது உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில். கணக்கு என்பிஏ ஆவதற்கு முன், ஜனவரி 2023-இல், தவணையை மாற்றியமைக்கக் கோரி எழுத்துபூர்வமாக விண்ணப்பித்தோம் (நகல் இணைப்பு). 29.5.2015 தேதியிட்ட அறிவிக்கையின்படி அந்த விண்ணப்பம் குழுவின் முன் வைக்கப்பட்டதா, வைக்கப்பட்டிருந்தால் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும். 2021 மே மாதத் திருத்தத்தின்படி அவசரக் கடனின் காலத்தை நீட்டிக்கும் வாய்ப்பு எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. கடனை நாங்கள் மறுக்கவில்லை. மூன்று கணக்குகளின் முழு விவரமும், அவசரக் கடனுக்கு உத்தரவாதத் தொகை பெறப்பட்டிருந்தால் அந்த விவரமும் தரவும். அதுவரை அடுத்த நடவடிக்கையை நிறுத்திவைத்து, தீர்வுக்கான எங்கள் முன்மொழிவைப் பரிசீலிக்கவும்."

"கடனை மறுக்கவில்லை" என்ற வரியை வழக்கறிஞர் எடுக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். என் அனுபவத்தில், சொத்து காப்பாற்றப்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் கடன்காரர் கடனை ஒப்புக்கொண்டு, காலத்தையும் கணக்கையும் பற்றித்தான் பேசினார். கடிதத்தை நேரில் கொடுத்துச் சீல் வாங்குங்கள். அதே நாளில் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள், மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல்.

எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும். இந்த வாதம் கடனை அழிக்காது. உங்களுக்கு நேரமும் மேசையில் ஒரு இடமும் வாங்கித் தரும். அந்த நேரத்தில் பணத்தைத் திரட்ட வேண்டும்.

வரவேண்டிய 6 லட்சத்திலிருந்து தொடங்குங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளில், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், அந்தக் கம்பெனிகள் உங்களுக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. 2006-ஆம் வருடச் சிறு தொழில் சட்டம் அப்படிச் சொல்கிறது. மத்திய சிறு தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் மனு போட்டால், இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கல் கவுன்சிலுக்குப் போகும், கோவையிலும் கவுன்சில் உண்டு. அங்கே உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்து கம்பெனி அதை எதிர்த்துப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். வருஷக்கணக்கில் வேலை கொடுத்த கம்பெனி, பகைத்துக்கொள்ள முடியாது என்று நீங்கள் நினைப்பது தெரியும். அதனால் முதலில் மனு வேண்டாம். அவர்களுடைய ஆடிட்டரிடம் பேசுங்கள். குறுந்தொழில், சிறுதொழில்களுக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியில் விதி வந்துவிட்டது. உங்கள் பில்லைத் தாமதிப்பதால் அவர்களுக்கும் நஷ்டம் என்பதை ஆடிட்டர் சொன்னால் முதலாளி கேட்பார்.

அடுத்து சிஎன்சி மெஷின். அதற்கு முழு நேர ஓட்டம் இல்லையென்றால், விற்பதைப் பற்றி வங்கியிடம் நீங்களே பேச்சை எடுங்கள். சம்மதம் வாங்கி, தெரிந்த பட்டறைக்காரரிடம் விற்றால் வரும் விலை ஏலத்தில் வராது. மெஷின் போனால் பட்டறையே போனது மாதிரி வலிக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் பழைய லேத்தும் கைத்தொழிலும் உங்களிடம் இருக்கும்வரை வேறு மெஷின் பிறகு வாங்கலாம். அப்பாவின் வீடு அப்படி இல்லை.

இவை இரண்டும் சேர்ந்து எவ்வளவு வரும் என்று தெரிந்தபின் வங்கியிடம் எந்த வழியைக் கேட்பது என்று முடிவு செய்யலாம். கணக்கை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டுமென்றால் பாக்கி முழுவதையும் கட்டியாக வேண்டும். பாதி கட்டினால் என்பிஏ முத்திரை போகாது. கோவிட் லோனின் நான்கு வருடமும் முடிந்துவிட்டதால் அதில் மிச்சம் இருப்பது எல்லாமே பாக்கிதான். எனக்கு உங்கள் நிலையில் ஒரே தவணைத் தீர்வுதான், அதாவது ஓடிஎஸ்தான், நடக்கக்கூடியதாகத் தெரிகிறது. மூன்று கணக்கையும் சேர்த்து ஒரே முன்மொழிவாக எழுதுங்கள், தனித்தனியாக வேண்டாம். தள்ளுபடி கேட்பதானால் ஏறிப்போன வட்டியில் கேளுங்கள், அசலில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அடமான வீடு கையில் இருக்கும்போது எந்த வங்கியும் அசலை விடாது. முன்பணமாக ஒரு தொகையைச் சொல்லி, மீதிக்கு எத்தனை மாதம், எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள். நிறைவேற்ற முடியாத தேதியை ஒப்புக்கொள்ளவே கூடாது. ஓடிஎஸ் ஒரு முறை தவறினால் கட்டியதை வரவு வைத்துக்கொண்டு பழைய வட்டிக்கே திரும்பிவிடுவார்கள்.

சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், சில வருடம் புதுக் கடன் கஷ்டம். அதை இப்போது யோசிக்க வேண்டாம். வசூல் ஆட்கள் யாராவது காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்தால் அது ரிசர்வ் வங்கி விதிக்கு மாறானது. நேரம் குறித்து வைத்து, வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

இந்த வாரம் ஒரு சாயங்காலம் பட்டறையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, அப்பாவோடு உட்கார்ந்து அந்த 2023 ஜனவரிக் கடிதத்தின் நகலைத் தேடுங்கள். பில் புக்குகளுக்கு நடுவே, ஜிஎஸ்டி ஃபைலில், பழைய போனின் புகைப்படங்களில் எங்காவது இருக்கும். சீலோடு கிடைத்தால் பதில் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துப் பார்த்துத் தருகிறேன். கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள். அந்த வாரத்துக் கிளையின் வருகைத் தபால் பதிவேட்டைக் கேட்டு வாங்க ஒரு வழி இருக்கிறது.